கைக்குழந்தைக்கு என்ன ஒழுக்கம்?



பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடலாமா என்று நம் குடும்பக் குழுவில் நாலு நாளாக நடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். "ஒழுக்கமா வளர்ற பிள்ளைக்கு அந்த ஊசி எதுக்கு?" என்று ஒருவர் எழுத, பதினோரு பேர் கைகூப்பியிருக்கிறீர்கள். அதில் மூன்று பேர் என்னிடம் அறிவியல் படித்தவர்கள்!

சரி, கைக்குழந்தைக்கு என்ன ஒழுக்கம்?

எச்.பி.வி. என்றால் கருப்பைவாய்ப் புற்றுநோய் மட்டும் அல்ல. அந்தக் கிருமியில் 6, 11 என்று இரண்டு வகை உண்டு. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றி, சில குழந்தைகளின் குரல்வளையில் மருவாக முளைப்பவை இவைதான். தாய்க்கு ஒரு அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். அவள்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் அழுகுரல் கம்மும். பிறகு மூச்சை இழுக்கும்போது சத்தம் வரும். வீசிங் என்று நினைத்து நெபுலைசர் வைத்தே மாதங்கள் போய்விடுவதுண்டு. மரு புற்றுநோய் இல்லைதான். ஆனால் அவ்வளவு குறுகிய மூச்சுப்பாதையில் அதுவே உயிருக்கு ஆபத்து. மயக்க மருந்து கொடுத்து அகற்றினாலும் கிருமி திசுவிலேயே தங்கி மறுபடி முளைக்கும். பத்து, இருபது தடவை ஆபரேஷன் தியேட்டருக்குப் போன குழந்தைகள் உண்டு. சிலருக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க நேர்கிறது.

"அபூர்வ நோய்தானே சார்" என்பீர்கள். அபூர்வம்தான். ஆஸ்திரேலியாவிலும் அபூர்வம்தான். அங்கே 2007-இல் பெண்பிள்ளைகளுக்கு நான்கு வகைக் கிருமிகளைத் தடுக்கும் ஊசியைப் போட ஆரம்பித்தார்கள். குழந்தைகளிடம் புதிதாகக் கண்டறியப்பட்ட குரல்வளை மரு 2012-இல் 7, 2016-இல் 1. அந்த ஐந்தாண்டுகளில் நோய் வந்த குழந்தைகளின் தாய்மார் ஒருவர்கூடக் கர்ப்பத்துக்கு முன் ஊசி போட்டவர் இல்லை. இதற்கு உங்கள் ஃபார்வர்டில் பதில் இருந்தால் அனுப்புங்கள், படிக்கிறேன்.

இந்த ஊசி வருமுன் காப்பது. வந்த கிருமியை விரட்டாது. அதனால்தான் 9 முதல் 14 வயதுக்குள் போடச் சொல்கிறார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் பார்க்கலாம் என்பது, வெள்ளம் வந்தபின் கரை கட்டுகிற கதை. வெறும் 16, 18 வகைகளை மட்டும் தடுக்கும் ஊசியும் உண்டு; அது இந்த மருவைத் தடுக்காது. நான்கு வகை என்று கேட்டு வாங்குங்கள். புனேயில் தயாராகும் செர்வாவாக் அந்த ரகம்தான். பையன்களுக்கும் போடலாம். இதைச் சொன்னதும் குழு அமைதியாகிவிடும், தெரியும்.

வீட்டில் குழந்தைக்குக் குரல் கம்மி இரண்டு மூன்று வாரமாகச் சரியாகவில்லையென்றால், வசம்பை உரைத்துக்கொண்டு உட்காராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், குழாய் விட்டு குரல்வளையைப் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.