கூடைக்குள் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது?

டிம் சம் உணவகங்களில் சேவை குறைந்துவிட்டது என்று என் வயதினர் பலர் சமூக ஊடகங்களில் குறைப்படுகிறார்கள். பணியாளர் சிரிக்கவில்லை, தேநீர் வரத் தாமதமானது, கூடையை மேசைமேல் ‘டொக்’ என்று வைத்தார் என்று பட்டியல் நீள்கிறது. இவை எனக்குப் பெரிய குறைகளாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு, நிரம்பி வழியும் மேசைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பவர் சிரிக்கவும் வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. ஆனால், ஒரே ஒரு கேள்விக்கு அவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். “இதில் என்ன இருக்கிறது?”

சிங்கப்பூரில் இது சாதாரணக் கேள்வி அன்று. டிம் சம் பெரும்பாலும் மூடி மடித்த உணவு. கண்ணால் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது. ஹர் காவ் என்றால் இறால் கொழுக்கட்டை என்றுதான் நினைப்போம். உள்ளீடு மென்மையாக இருக்க அதில் பன்றிக் கொழுப்பைச் சேர்ப்பது பழைய வழக்கம். சியூ மாயில் இறாலோடு பன்றி இறைச்சியும் இருக்கும். முட்டை டார்ட்டின் மேலோட்டில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கலாம். எல்லாவற்றையும்விட ஏமாற்றக்கூடியது முள்ளங்கி கேக். பெயரில் காய்கறி இருக்கிறது. உள்ளேயோ காய்ந்த இறாலும் சீனத் தொத்திறைச்சியும் பொடியாக நறுக்கிப் போடப்பட்டிருக்கும்.

நான் மாட்டிறைச்சியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சாப்பிடுவேன். என் நெருங்கிய தோழி சைவம். எங்கள் குழுவில் ஒருவர் முஸ்லிம். நான்காமவர் சீனர். பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட குழுக்கள் சாதாரணம். ஒன்றாகச் சாப்பிடப் போவதும் சாதாரணம். ஆனால், ஒரே மேசையில் எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிடுவது அவ்வளவு சாதாரணமாக நடப்பதில்லை.

டிம் சம் சாப்பிடுவதைக் கேண்டனீஸ் மொழியில் ‘யம் சா’ என்பார்கள். ‘தேநீர் அருந்துதல்’ என்று பொருள். தேநீர்தான் முதலில், கூடைகள் அதற்குத் துணை. அந்த மேசைக்கென்று பேசாமல் பேசும் ஒரு மொழியும் உண்டு. கூசாவின் மூடியைச் சாய்த்து வைத்தால் வெந்நீர் வேண்டும் என்று அர்த்தம். தேநீர் ஊற்றியவருக்கு விரல்களால் மேசையை மெல்லத் தட்டினால் நன்றி என்று அர்த்தம். வாழை இலையை மடித்துச் சாப்பாடு முடிந்தது என்று சொல்லும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

முன்பு தள்ளுவண்டிகள் மேசைக்கு மேசை வந்தன. சின் சுவீ சாலையில் 1974ல் தொடங்கப்பட்ட ரெட் ஸ்டார் உணவகம் அந்த வண்டிகளுக்குப் பேர்பெற்றது. அதைத் தொடங்கியவர்களில் சமையல் கலைஞர்கள் சின் லியோங்கும் ஹூய் கோக் வாயும் அடங்குவர். இந்த நாட்டின் சீனச் சமையலில் ‘நான்கு மாமன்னர்கள்’ என்று போற்றப்பட்டவர்களில் இருவர் அவர்கள். வண்டியைத் தள்ளி வரும் ஆன்டி மூடியைத் திறந்து காட்டுவார். வேண்டும் என்றால் தலையசைக்கலாம். அட்டையில் முத்திரை குத்திவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

சீனம் தெரியாத எனக்கு அந்த வண்டி பெரிய வசதி. கைகாட்டிக் கேட்கலாம். “போர்க்?” என்று ஒரே சொல்லில் கேட்டால், “இது போர்க், அது இறால், இதைத் தொடாதே” என்று அரை ஆங்கிலத்திலும் அரைக் கை அசைவிலும் பதில் வரும். அவர் புன்னகைத்தாரா என்பது எனக்கு நினைவில்லை. ஆனால், ஒவ்வொரு கூடைக்குள்ளும் இருப்பது அவருக்கு அத்துப்படி.

இன்று பல இடங்களில் மேசைமேல் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை வருடினால் போதும். கைப்பேசியில் படம், பெயர், விலை வரும். சென்ற பருவத்தில் நாங்கள் நால்வரும் ஓர் உணவகத்துக்குப் போனோம். முஸ்லிம் நண்பர் தமக்குத் தேநீர் மட்டும் போதும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தோழி முள்ளங்கி கேக் படத்தைக் காட்டி, அதில் இறைச்சி இருக்கிறதா என்று அங்கிருந்த இளம் ஊழியரிடம் கேட்டாள். அவர் திகைத்து, உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, “காய்கறிதான்” என்றார். தட்டு வந்ததும் அதில் இளஞ்சிவப்பு நிறத்தில் தொத்திறைச்சித் துண்டுகள் தெரிந்தன. அடுத்து ஒரு தட்டுக் கீரை வரவழைத்தோம். அதன்மேல் சிப்பிச் சாஸ் ஊற்றியிருந்தார்கள். அன்று அவள் வயிற்றுக்குப் போனதும் தேநீர் மட்டுமே.

அந்த ஊழியர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் கேள்வி ரசீதைப் பற்றியது. தேநீருக்குத் தலைக்கு ஒரு கட்டணம். அதற்குமேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டையும் சேர்த்த தொகைமீது 9 விழுக்காடு பொருள், சேவை வரி. 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 119 வெள்ளி 90 காசு செலுத்துகிறோம். வரி அரசாங்கத்துக்குப் போகிறது, அது புரிகிறது. சேவைக் கட்டணம் சட்டம் விதித்தது அன்று, உணவகமே வைத்துக்கொள்வது. மேசையைக் காட்டியது ஒரு திரை. உணவைப் பதிவு செய்தது என் விரல். பணம் செலுத்தியதும் என் கைப்பேசியில்தான். அப்படியானால் அந்த 10 விழுக்காடு எந்தச் சேவைக்கு?

உணவக உரிமையாளர்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தட்டு ஏந்தும் வேலைக்கு உள்ளூர் இளையர்கள் எளிதில் வருவதில்லை. சேவைத் துறை நிறுவனங்களில் வேலை அனுமதிச் சீட்டு, எஸ் பாஸ் வைத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்கள் மொத்த ஊழியரணியில் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது 2021 முதல் நடப்பில் உள்ள விதி. வாடகையும் குறைவில்லை. ஆள் கிடைக்காதபோது தொழில்நுட்பத்தை நாடுவதில் தவறில்லை. உணவுக்கும் அதனால் நன்மை உண்டு. வண்டியில் சுற்றிச் சுற்றி வரும் கூடை ஆறிவிடும். ஹர் காவின் தோல் காய்ந்து கிழியும். கேட்ட பிறகு அவித்தால் சூடாக வரும், வீணாவதும் குறையும். ஆகவே, வண்டிகள் திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது, வண்டியோடு சேர்ந்து காணாமற்போன அந்த அறிவைத் திரும்பக் கொடுங்கள் என்பதைத்தான். மின்னிலக்க உணவுப் பட்டியலில் ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு வரி சேர்த்தால் போதும். பன்றி இறைச்சி, பன்றிக் கொழுப்பு, மாட்டிறைச்சி, காய்ந்த இறால், சிப்பிச் சாஸ், முட்டை ஆகியவற்றில் எது உள்ளது என்று அந்த வரி சொல்லட்டும். அச்சிட்ட பட்டியலில் இடம் போதாது என்று சொல்லலாம். திரையில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. அடுத்து, ஒவ்வொரு வேளையிலும் சமையலறையை அறிந்த ஒருவராவது மேசைகளுக்கு அருகில் இருக்க வேண்டும். அதற்கும் ஆள் இல்லை என்றால், சேவைக் கட்டணத்தைக் குறைப்பதுதான் நியாயம்.

“சீனர் உணவகத்துக்குப் போய் இத்தனை கேள்வி எதற்கு? ஒத்துவராவிட்டால் வேறு இடத்துக்குப் போகலாமே” என்று சிலர் கேட்பார்கள். சந்திர நாள்காட்டியின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சைவம் சாப்பிடும் சீனக் குடும்பங்கள் பல உள்ளன. என் சீன நண்பரின் பாட்டியும் அப்படித்தான். அன்று தோழி கேட்ட அதே கேள்வியைத்தான் அந்தப் பாட்டியும் கேட்பாராம். கேண்டனீஸ் பேசும் பாட்டிக்குக் கைப்பேசித் திரை எங்களைவிடவும் சிரமம். ஆகவே, இது இந்தியர்களின் கோரிக்கையோ முஸ்லிம்களின் கோரிக்கையோ மட்டும் அன்று.

முயிஸ் ஹலால் சான்றிதழ் பெற்ற டிம் சம் கடைகள் இப்போது இருக்கின்றன. நல்ல முன்னேற்றம். ஆனால், ‘பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை’ என்ற பலகை ஹலால் சான்றிதழுக்கு ஈடாகாது என்பது நண்பர்களை அழைத்துச் செல்லும் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. உணவகம் சொல்ல வேண்டியது ஒரு பாதி என்றால், நாம் தெரிந்துகொள்ள வேண்டியது மறு பாதி. ‘வோ சி சூ’ என்றால் மாண்டரினில் ‘நான் சைவம் சாப்பிடுபவர்’ என்று பொருள். மூன்றே சொற்கள். என் உச்சரிப்பைக் கேட்டு நண்பர் சிரிக்கிறார். பரவாயில்லை, புரிந்தால் போதும்.

இது நம் உணவகங்களுக்கும் பொருந்தும். லிட்டில் இந்தியாவில் இலை போடும் முன் “சைவமா, அசைவமா?” என்று அண்ணன் ஒருவர் கேட்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. அந்தக் கேள்விக்குள் ஒரு பெரிய மரியாதை இருக்கிறது. இப்போது நம் கடைகள் சிலவற்றிலும் கியூஆர் குறியீடு வந்துவிட்டது. சாம்பாரில் என்ன இருக்கிறது, எந்த இனிப்பில் முந்திரி இருக்கிறது என்று தெரியாமல் நம் கடைக்கு வரும் சீன, மலாய் நண்பருக்கு யார் பதில் சொல்கிறார்கள்?

பல இன மக்கள் ஒன்றாக வாழ்கிறோம் என்று பள்ளிப் பருவத்திலிருந்தே சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் அது உண்மையாகிறது. மேசையில் ஒருவர் வெறும் தேநீரோடு உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் சாப்பிடுவது விருந்து ஆகாது. அதனால், அடுத்த முறை உங்கள் நண்பர்களில் ஒருவர் பணியாளரிடம் “இதில் என்ன இருக்கிறது?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டால், “ஏன் தொந்தரவு” என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள். அவரோடு சேர்ந்து நீங்களும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால்தான் அந்த ஒரு வரி பட்டியலில் ஏறும்.