கூடையும் பணவாயிலும்

திண்டுக்கல்லிலே பூட்டுக் கடைக்காரர் எழுதித் தரும் சீட்டை நேயர்கள் பார்த்திருப்பர். மாங்காய்ப் பூட்டு இரண்டு, பெட்டிப் பூட்டு ஒன்று என வரிவரியாய் விலை எழுதி, அடியிற் கூட்டுத்தொகை போட்டிருக்கும். 2019ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற இப்பூட்டு இன்று இணையக் கடைகளிலும் விலைப்படுகின்றது. ஆங்கே கூடையில் எத்துணைப் பொருள் இட்டாலும், பணவாயிலை அடைந்தவுடன் வரிகளெல்லாம் மறைந்து மொத்தம் ஒன்றே எஞ்சுவதைப் பெரும்பாலும் காண்கின்றோம்.

இது வாயிலின் குற்றமன்று. அதன் தொழில் பணத்தைக் கைமாற்றுவதேயன்றிப் பண்டத்தைக் கணக்கிடுவதன்று. ரேசர்பே போன்றவை மொத்தத்தையே, அதுவும் பைசாவில், கேட்கின்றன. 1,250 ரூபாய்க்கு 1,25,000 என்று அனுப்பல் வேண்டும். (இரண்டு சுழியை மறந்த வணிகர் பன்னிரண்டரை ரூபாய்க்குப் பூட்டை விற்றவராவர்!) 2016இல் தோன்றிய யூபிஐ முறையின் இணைப்பிலும் தொகைக்கும் ஒரு சிறு குறிப்புக்கும் இடமுண்டு; பண்டப்பட்டிக்கு இடமில்லை. பேபால் நிறுவனமோ பொருள்தோறும் எண்ணிட்டுப் பெயரும் விலையும் அளவும் பெறும் முறையொன்றை வகுத்தது. ஆயினும் 2021 ஏப்ரல் 1 முதல் அது இந்தியாவின் உள்நாட்டுக் கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிட்டது.

அங்ஙனமாயின், எல்லா வரிகளையும் பக்கத்தின் மறைகட்டங்களில் எழுதி, வாங்குவோர் உலாவி வழியே வாயிலுக்கு அனுப்பிவிடலாமே என்பாருளர். யாம் இதற்கு உடன்படோம். அவ்வேடு வாங்குவோர் கையைக் கடந்தே செல்கின்றது; வல்லார் விலையைத் திருத்திவிடுவர். லூக்கா சுவிசேஷம் 16ஆம் அதிகாரத்து உக்கிராணக்காரன் கடனாளியின் கையிலேயே சீட்டைக் கொடுத்து, நூறு குடம் எண்ணெயை ஐம்பதாக்கினான் அன்றோ? கடையின் சேவையகமே விலையைத் தன் ஏட்டினின்று எடுத்துக் கூட்டி, ஆர்டருக்கு ஓர் எண் இட்டு, அவ்வெண்ணையும் மொத்தத்தையும் வாயிலுக்கு அனுப்புக. வந்த தொகை அதனோடு ஒக்கின்றதா என்று பார்த்த பின்னரே பண்டத்தை அனுப்பல் வேண்டும்.

அவ்வெண்ணின் கீழ் வரிகள் யாவும் கடையிலே அழியாதிருத்தல் வேண்டும் என்பதே எம் வழக்கு. பூட்டுக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு; அச்சிட்ட நூலுக்கு வரியில்லை. ஒரே கூடையில் இரண்டும் இருப்பின், மொத்தத்தை மட்டும் கொண்டு வரியைப் பிரிப்பது எங்ஙனம்?

எம் விடுதித் தோழர் ஒருவர் சென்ற ஆண்டு நான்கு பொருள்களுக்குப் பணம் செலுத்தினார், மூன்றே வந்தன. கடைக்கு எழுதினார். முழுத் தொகையும் கிடைத்தது என்பதே விடையாக வந்தது. அதனை அவர் மறுக்கவில்லையே! எப்பொருளுக்கு எவ்வளவு என்று காட்ட அவரிடத்தும் ஏடில்லை, கடையினிடத்தும் ஏடில்லை. தள்ளுபடி வேறு நான்கின்மேலும் பரவியிருந்தது. நாகல் நகர்ப் பூட்டுக்கடைச் சீட்டைப் போன்ற துண்டுத்தாள் ஒன்று இருந்திருப்பின் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் வழக்கு, இன்றும் தீர்ந்திலது.