மூன்று ஷில்லிங் வாளும் பாராங் கத்தியும்

தோட்டப்புறத்தில் ஒரு வெட்டுச் சம்பவம் நடந்துவிட்டால் கெமாஸ் ஒட்டுக்கடைகளில் எல்லாருமே வழக்கறிஞர்கள்தாம். "முதல்ல 302 போட்டாங்க, இப்ப 304 ஆயிடுச்சாம். பணம் விளையாடியிருக்கும்லா!" தேத்தண்ணி ஆறுவதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். பணம் எங்குமே விளையாடாது என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. ஆனால் 302 என்ற கொலைக்கும், 304 என்ற கொலையாகாத மரணம் விளைவிப்புக்கும் நடுவில் இருக்கும் கோடு வாள் காலத்தில் போடப்பட்டது.

1598 செப்டம்பர் 22. லண்டனை ஒட்டிய ஹாக்ஸ்டன் வெளியில் நாடகாசிரியர் பென் ஜான்சன், கேப்ரியல் ஸ்பென்சர் என்ற நடிகரை வாளால் குத்திக் கொன்றார். காயம் வலது விலாவில், ஆறு அங்குல ஆழம் என்கிறது குற்றப்பத்திரிகை. வாளின் விலையையும் அது விடவில்லை: மூன்று ஷில்லிங். உயிரைக் குடித்த பொருள் அரசுக்குச் சேரும் என்பது அன்றைய வழக்கம்; அதனால்தான் விலை. ஜான்சன் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆனால் தூக்குமேடை ஏறவில்லை. படிக்கத் தெரிந்தவனைப் பாதிரியாராகக் கருதும் பழைய சலுகை ஒன்று இருந்தது. லத்தீன் வாசித்துக் காட்டினார். கட்டைவிரலில் சூடு போட்டு விட்டுவிட்டார்கள். எழுத்து தெரியாதவன் இதைச் செய்திருந்தால் கயிறுதான்.

வஞ்சம் வைத்துச் செய்த கொலைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே வஞ்சமா, அந்த நேரத்து ஆத்திரமா என்று நீதிமன்றங்கள் பிரித்துப் பார்த்தாக வேண்டியிருந்தது. 1706இல் லண்டன் கோட்டையில் மாக்ரிட்ஜ் என்பவர் காவல்படை அதிகாரி கோப்பின் தலையைக் குறிவைத்து மதுப்புட்டியை எறிந்து, வாளையும் உருவினார். கோப் பதிலுக்கு ஒரு புட்டியை வீச, மாக்ரிட்ஜ் குத்திவிட்டார். தலைமை நீதிபதி ஹோல்ட் அதைக் கொலை என்றே முடிவு செய்தார். சண்டையை ஆரம்பித்தவனே "அவன் என்னைச் சீண்டினான்" என்று சொல்ல முடியாது. வெறும் வாய்ப்பேச்சும் போதாது.

அந்தச் சிந்தனை 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் வழியாகக் கப்பலேறி, 1871இல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமாகி, இன்று மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவில், கொலையை 304க்கு இறக்கும் விதிவிலக்குகளாக உட்கார்ந்திருக்கிறது. கடுமையான, திடீர்ச் சீண்டல் ஒன்று. முன்திட்டமில்லாமல் மூண்ட திடீர்ச் சண்டை இன்னொன்று. அதிலும் எதிராளியின் இயலாமையை அனுகூலமாக்கிக்கொண்டோ கொடூரமாகவோ வெட்டியிருக்கக் கூடாது.

தோட்டத்துக் கணக்கில் சொன்னால் இப்படி: செம்பனைக் காட்டில் வேலை நடுவே வாய்த்தகராறு முற்றி, இருவரும் மோதி, கையிலிருந்த கத்தியே பாய்ந்துவிட்டால் விதிவிலக்குக்கு வாதாட இடமுண்டு. லயத்துக்கு நடந்துபோய், கதவுக்குப் பின்னால் சொருகியிருந்த பாராங்கை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால் அந்த வாதம் பெரும்பாலும் சரிந்துவிடும். போய்வந்த நேரம் ஆத்திரம் தணியப் போதுமா என்பதுதான் கேள்வி. விதிவிலக்கைக் காட்ட வேண்டிய பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவருடையதே.

304 என்றால் விடுதலை என்றும் நினைக்க வேண்டாம். கொல்லும் எண்ணம் இருந்திருந்தால் 30 ஆண்டுவரை சிறை. எண்ணமில்லாமல், உயிர் போகலாம் என்று தெரிந்து மட்டும் செய்திருந்தால் 10 ஆண்டுவரை. 302க்கு 2023 ஜூலை 4 வரை தூக்கு கட்டாயம். இப்போது தூக்கு, அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறையோடு குறைந்தது 12 பிரம்படி. 1995இலிருந்து ஜூரிகள் இல்லாததால், சிரம்பான் உயர்நீதிமன்றத்தில் லயத்துக்குப் போய்வந்த அந்தச் சில நிமிடங்களை அளப்பவர் நீதிபதி ஒருவர்தான்.