பிரேக் மூடியைக் கழற்றினால் எண்ணெய் கொட்டுகிறதே?

கேள்வி: டிராக்டரில் வலப்பக்க பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. வீட்டிலேயே மூடியைக் கழற்றினேன், எண்ணெய் கொட்டியது. என்ன பழுது? நெல் ஏற்ற வேண்டியிருக்கிறது.
– வாசகர், சேரன்மகாதேவி

பதில்: முதலில் உங்கள் வண்டியின் பிரேக் எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். எண்ணெயில் மூழ்கிய பிரேக் என்றால் எண்ணெய் வருவது இயல்பு, பழுதல்ல. இனிமேல், மூடியைத் தொடும் முன் அடியிலுள்ள வடி திருகைத் திறந்து எண்ணெயைக் கேனில் பிடித்துவிடுங்கள். பேக்கிங்கைப் புதிதாகப் போட்டு, கையேட்டில் சொன்ன எண்ணெயையே குறி வரை ஊற்றுங்கள்.

உலர் பிரேக் என்றால் உள்ளே ஒரு சொட்டும் இருக்கக் கூடாது. பெரும்பாலும் ஆயில் சீல் போயிருக்கும்; மாற்றுங்கள். எண்ணெய் ஊறிய லைனிங்கை டீசலில் கழுவி மாட்டாதீர்கள். இரு பக்கமும் புதிதாகப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால், பாரத்தோடு போகும்போது வண்டி அந்தப் பக்கம் இழுத்துக் கவிழ்ந்துவிடும்.

வேலையின்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் கட்டை கொடுங்கள். சிந்திய எண்ணெயில் உமி தூவி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது வாய்க்கால் வழியே வயலுக்குத்தான் வரும். பழைய எண்ணெயை ஒர்க்‌ஷாப் டிரம்மில் சேர்த்துவிடுங்கள்.

இரு மிதிகளையும் கொக்கியால் இணைத்து, வெறும் வண்டியை மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். நேராக நின்றால் மட்டும் நெல் ஏற்றுங்கள்.