நல்ல முதலாளி ஓய்வு பெறும்போது



போன மாதம் என்ர மச்சாள் வட்ஸ்அப்பில் ஏழு நிமிஷ வொய்ஸ் நோட் ஒன்று அனுப்பியிருந்தா. இரவு எட்டரை மணி. வேலையிடத்தில் ஒரு கூட்டம் முடிந்து, கார் பார்க்கில் இருந்தபடியே பேசியிருக்கிறா. விஷயம் முதல் அரை நிமிஷத்திலேயே முடிந்துவிட்டது: "அவை விக்கப் போயினமாம்." மிச்சம் முழுக்க அழுகை. நடுவில், தான் அழுவதை நினைத்து அவவுக்கே வந்த சிரிப்பு.

மச்சாள் ஒரு வெட். வீட்டில் சொல்வதென்றால் மிருக டொக்டர். கம்டனில் இருக்கிற றோயல் வெட்டினரி கொலிஜுக்குப் போகிறா என்று தெரிந்த நாளில் ஒரு மாமி கேட்ட கேள்வி இன்னும் எங்கட குடும்பத்தில் ஓடுகிறது: "ஏன், மனுசருக்குப் பார்க்க மார்க்ஸ் காணாமல் போச்சோ?" (மார்க்ஸ் காணாமல் போனது பற்றி இந்த மடலில் எழுதப் பலர் இருக்கிறீர்கள். நான் அதை விடுகிறேன்.)

படிப்பு முடிந்ததும் லண்டனில்தான் முதல் வேலை. பெரிய கம்பனி ஒன்றின் கிளை. எட்டு மாதத்தில் நித்திரை போய்விட்டது. ஞாயிறு பின்னேரமே வயிறு பிசையத் தொடங்கும். பிறகு ரயிலில் இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற ஒரு சின்ன ஊருக்கு மாறினா. இரண்டு வெட்மார் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் நடத்துகிற கிளினிக். நாய், பூனை, முயல், இடைக்கிடை ஆரோ பிள்ளையின் ஆமை.

அந்த இடம் அவவைக் காப்பாற்றியது என்று சொன்னால் அது மிகை இல்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் இருபது நிமிஷம். லீவு நாளில் ஒருவரும் போன் எடுப்பதில்லை. கர்ப்பப்பையில் சீழ் கட்டிய நாய்க்கு அவ முதல்முறை தனியாக ஒப்பரேஷன் செய்தபோது, மூத்தவ பக்கத்து அறையில் தேத்தண்ணியோடு சும்மா இருந்தா, கூப்பிட்டால் வரத் தயாராக. மயக்க மருந்தில் ஒரு பூனை செத்துப்போன நாளில் அந்தக் குடும்பத்துக்குத் தானே போன் எடுத்துச் சொல்லிவிட்டு, மச்சாளை வீட்டுக்கு அனுப்பவில்லை, கூட வைத்திருந்தா. இது சின்ன விஷயம் இல்லை. பிரித்தானியாவில் வெட்மார் தற்கொலையால் இறக்கும் வீதம் பொதுமக்களை விட மூன்று, நான்கு மடங்கு என்று 2010 அளவிலேயே ஆய்வுகள் சொல்லிவிட்டன. வெட்லைஃப் என்ற உதவி அமைப்பு இந்தத் தொழிலுக்கென்றே தனித் தொலைபேசி இணைப்பு வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட தொழிலில், பக்கத்து அறையில் தேத்தண்ணியோடு ஒரு ஆள் இருப்பது உயிர்ப் பிரச்சினை.

ஆனால் நான் எழுத வந்தது அந்த ஆளின் நல்ல மனசைப் பற்றி அல்ல. அவவுக்கு இப்போது அறுபத்தைந்து வயது என்பதைப் பற்றி.

வெட் வேலை விளம்பரங்களைப் பார்த்தீர்களென்றால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும்: ஆதரவான. ஆதரவான குழு, ஆதரவான சூழல், ஆதரவான மனேஜர். சம்பளம் சில விளம்பரங்களில் இராது, ஆதரவு கட்டாயம் இருக்கும். நான் மாஸ்டர்ஸ் செய்துகொண்டே சனி, ஞாயிறுகளில் லண்டன் ஓரத்தில் ஒரு கிளினிக்கில் றிசெப்ஷனில் நிற்கிறேன். என்னை வேலைக்கு எடுத்த விளம்பரத்திலும் அந்தச் சொல் இருந்தது.

ஒரு சனிக்கிழமை ஒரு ஐயா வந்தார். கலியாணம் கட்டிப் போன மகள் விட்டுவிட்டுப் போன நாய், இப்போது அவருக்கு ஒரே துணை. பல்லெல்லாம் பழுதாகி, சாப்பிடுவதில்லை. மதிப்பீட்டுத் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் தமிழில், குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, நீ எங்கட ஆள்தானே, கொஞ்சம் குறைச்சுப் போடன்" என்றார். எனக்கு முகம் எரிந்தது. குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை. அன்று வேலையில் நின்ற வெட்டுக்கும் இல்லை. விலைகள் தலைமையகத்தில் இருந்து கணினிக்குள் வருகின்றன. வெட் தன்னால் ஏலுமான ஒன்றைச் செய்தா: கட்டாயமில்லாத ஒரு பரிசோதனையை விட்டுவிட்டா. ஐயா போகும்போது அவவைத்தான் திட்டிவிட்டுப் போனார், காசுப் பேய் என்று.

அடுத்த வாரம் அந்த வெட்டுக்கு ஒரு இமெயில். ஒரு வருகைக்கான சராசரி பில் குறைந்திருக்கிறதாம். நேரடியாகக் கூட்டச் சொல்லவில்லை. "எங்கள் நோயாளிகளுக்குச் சிறந்த சிகிச்சையைப் பரிந்துரைக்க உங்களுக்குத் தயக்கம் ஏதும் இருக்கிறதா, நாங்கள் எப்படி ஆதரவு தரலாம்?" என்ற தோரணை. ஆதரவு என்ற சொல்லை இப்படியும் பயன்படுத்தலாம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இது எப்படி வந்தது? முன்பு கிளினிக்குகளின் உரிமையாளர் வெட்டாகவே இருக்கவேண்டும் என்று இருந்தது. 1999 இல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. வெட் அல்லாதவர்களும் வாங்கலாம் என்றானது. பெரிய வேட்டை அதற்குப் பிறகு வந்தது. போட்டி, சந்தைகளுக்கான அரசு ஆணையமான சிஎம்ஏ சொல்லும் கணக்குப்படி, 2013 இல் பெரிய குழுமங்களிடம் இருந்தவை பத்து வீதக் கிளினிக்குகள். இப்போது ஏறக்குறைய அறுபது வீதம். ஆறு குழுமங்கள். ஐவிசி எவிடென்சியாவின் பின்னால் ஈகியூடி என்ற தனியார் முதலீட்டு நிறுவனம், வெட்பார்ட்னர்ஸின் பின்னால் பிசி பார்ட்னர்ஸ். லினேயஸை 2018 இல் வாங்கியது மார்ஸ், ஓம், அந்தச் சொக்லேட் மார்ஸ்தான். பெடிகிறியும் விஸ்காஸும் றோயல் கனினும் அவர்களுடையவை. சாப்பாடும் அவனே, வைத்தியமும் அவனே. பல இடங்களில் வாசலில் பழைய பெயர்ப்பலகை அப்படியே தொங்கும். ஊர்ச்சனம் பழைய டொக்டரிடம் போவதாகத்தான் நினைக்கும்.

2016 இலிருந்து 2023 வரை சராசரிக் கட்டணம் 63 வீதம் ஏறியது என்கிறது அதே ஆணையம். அவர்கள் 2025 ஒக்டோபரில் வெளியிட்ட தற்காலிக முடிவில் விலைப்பட்டியலைப் பகிரங்கமாகப் போடு, உரிமையாளர் யார் என்று எழுது, மருந்துச்சீட்டுக் கட்டணம் 16 பவுணைத் தாண்டக்கூடாது என்றெல்லாம் முன்மொழிந்தார்கள். நல்லது. ஆனால் சிஎம்ஏ பார்ப்பது வாடிக்கையாளரை. வேலைசெய்கிற ஆள் அதில் செலவுக் கணக்கின் ஒரு வரி. சட்டமும் அப்படித்தான்: 1966 ஆம் ஆண்டின் வெட்டினரி சேர்ஜன்ஸ் சட்டம் தனி வெட்டைக் கட்டுப்படுத்துகிறது, கிளினிக்கை வைத்திருக்கும் கம்பனியை அல்ல. பிழை நடந்தால் மச்சாளின் பதிவு போகும். இருபது நிமிஷத்தைப் பத்தாகக் குறைத்தவனுக்கு ஒன்றும் ஆகாது.

இது நாய் பூனைக் கதை, எங்களுக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு: சதர்ன் குரொஸ் நினைவிருக்கிறதா? முதியோர் இல்லங்கள். முதலீட்டு நிறுவனத்தின் கையில் இருந்த காலத்தில் கட்டடங்களை விற்று, அதே கட்டடங்களுக்கு வாடகை கட்டும் நிலைக்குப் போய், 2011 இல் விழுந்தது. சுமார் 31,000 முதியவர்கள் அந்த இல்லங்களில் இருந்தார்கள். எங்கட அம்மாமார், மாமிமார் எத்தனை பேர் கெயார் ஹோமில் நைட் ஷிப்ட் செய்து எங்களை வளர்த்தவை? பராமரிப்பு என்பது நிறுத்தி வைக்க முடியாத தேவை. அதனால்தான் அதை வாங்குகிறார்கள். முதியோர், குழந்தைகள், பல்லு, இப்போது நாய்.

சரி, அப்படியென்றால் தனியார் கம்பனி கெட்டது, சின்னக் கிளினிக் நல்லது என்று எழுதிவிட்டுப் போகலாமா? என்னால் ஏலாது. எங்களில் பாதிப்பேர் பதினாறு வயதில் தமிழ்க் கடையில் நின்றவர்கள். "நாங்கள் ஒரு குடும்பம்" என்பதன் விலை எங்களுக்குத் தெரியும். கையில் காசு, பட்டியலில் பெயர் இல்லை, நத்தாருக்கு ஒரு கேக் பெட்டி. கேட்டால் "நீ எங்கட பிள்ளையெல்லோ." சின்ன முதலாளியின் அன்பு உண்மையாகவே இருக்கலாம். அந்தக் கடை அண்ணை எனக்குப் பரீட்சைக் காலத்தில் சோறு கட்டித் தந்தவர்தான். ஆனால் ஆதரவு அவருடைய பொக்கெற்றில் இருந்தது. தரவும் நிறுத்தவும் அவரால் முடியும்.

மச்சாளின் கிளினிக்கும் இந்த விதத்தில் வேறில்லை. இருபது நிமிஷம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எங்கும் இல்லை. லீவு நாளில் போன் எடுக்கக்கூடாது? அது அவவின் பழக்கம். இரவு அவசரக் கடமைக்குப் பிறகு அடுத்த காலை ஓய்வு? "எப்பவும் அப்படித்தான்." புதிதாகப் படித்து வருபவர்களுக்கு 2021 இலிருந்து ஒரு வழிகாட்டித் திட்டம் இருக்கிறது, வெட்மாரின் றோயல் கொலிஜ் நடத்துவது. அதற்கென்று பயிற்சி பெற்ற ஒரு ஆலோசகர் இருக்கவேண்டும், அது விதி. பக்கத்து அறைத் தேத்தண்ணியில் ஒரு துளியாவது எழுத்தில் இருப்பது அங்கே மட்டும்தான். அதுவும் முதல் கொஞ்சக் காலத்துக்கு.

விற்பனையில் இதுதான் முக்கியம். வியாபாரம் கைமாறினால் 2006 ஆம் ஆண்டின் டுபி ஒழுங்குவிதிகள் ஊழியரின் ஒப்பந்தத்தைப் புது முதலாளிக்குக் கடத்தும். கம்பனியின் பங்குகளை மட்டும் விற்றாலும் ஒப்பந்தம் அப்படியே தொடரும். இரண்டு வழியிலும் எழுதியிருப்பதைத்தான் உறுதியாகப் பிடித்து நிற்கலாம். எழுதாத நல்ல மனசு ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போய்விடும்.

இன்னொரு ஆளையும் சொல்லவேண்டும். அதே கிளினிக்கில் சென்னை வேப்பேரியில், 1903 இலிருந்து இருக்கிற அந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒரு அக்கா இருக்கிறா. இந்தியப் பட்டம் இங்கே நேரே செல்லாது, றோயல் கொலிஜின் பரீட்சை எழுதித்தான் பதிவு பெற்றவ. விசா அந்த வேலையில் தொங்குகிறது. அந்த விசாவுக்கான பொதுச் சம்பள எல்லை 2024 ஏப்ரலில் 26,200 பவுணிலிருந்து 38,700 க்கு ஏறியது, 2025 ஜூலையில் 41,700. முதலாளி மாறினால் ஸ்பொன்சரும் மாறவேண்டும். மச்சாளுக்கு விற்பனை என்றால் கவலை, அக்காவுக்கு வயிற்றில் நெருப்பு. இருவருக்கும் ஒரே "ஆதரவான சூழல்". ஆனால் பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போக ஒருத்தியால் மட்டும்தான் முடியும். ஆதரவு என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அதை இழக்கும்போது யார் எவ்வளவு இழக்கிறார்கள்.

செய்யக்கூடியது இருக்கிறது. யுனைட் சங்கத்துக்குள் வெட்மாருக்கும் நேர்ஸ்மாருக்கும் றிசெப்ஷனில் நிற்பவர்களுக்கும் சேர்த்து ஒரு கிளை இருக்கிறது, பிரிட்டிஷ் வெட்டினரி யூனியன். 2024 ஜூலையில் தெற்கு வேல்ஸில், வெட்பார்ட்னர்ஸுக்குச் சொந்தமான வலி வெட்ஸ் கிளினிக்குகளில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்த நாட்டில் இந்தத் துறையின் முதல் வேலைநிறுத்தம் அது. எனக்குப் பிடித்த விஷயம், வெட்டும் றிசெப்ஷனிஸ்டும் ஒரே மறியல் வரிசையில் நின்றது. ஏனென்றால் வெட்மாரில் பலர் தங்களைத் தொழிலாளி என்று நினைப்பதில்லை, தங்களை வளரப்போகும் முதலாளியாகவே படித்து வந்தவர்கள். வாங்குவதற்குக் கிளினிக்கே மிச்சமில்லாதபோது அந்த நினைப்பு மட்டும் மிஞ்சி நிற்கிறது.

"நாங்கள் ஸ்ட்ரைக் செய்தால் நாய்கள் சாகும்" என்று மச்சாள் சொன்னா. தாதியரிடமும் ஆசிரியரிடமும் இதைத்தான் சொல்லுகிறார்கள், தாங்களே தங்களுக்கும் சொல்லிக்கொள்கிறார்கள். நான் ஸ்ட்ரைக் கேட்கவில்லை. விற்பனைக் கையெழுத்துக்கு முன்னம் அந்த இரண்டு பேரிடமும் போய், இருபது நிமிஷத்தையும் அடுத்த காலை ஓய்வையும் லீவு நாள் போனையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கோ என்றேன். உண்மையான ஆதரவென்றால் எழுதித் தருவினம். ஊழியர் அறக்கட்டளைக்கு விற்கும் வழியும் 2014 இலிருந்து சட்டத்தில் இருக்கிறது, வரிச் சலுகையோடு. ஏன் அதை யோசிக்கவில்லை என்றும் கேளுங்கோ. முதலீட்டு நிறுவனம் தருகிற விலை கிடைக்காமல் போகலாம். அப்போது அன்பின் விலை என்ன என்று இரு தரப்புக்கும் தெரியவரும்.

மச்சாளுக்கு இது பிடிக்கவில்லை. "அவ எனக்கு அம்மா மாதிரி. அவவிட்டப் போய் எழுதித் தா எண்டு எப்படிக் கேக்கிறது?" அன்று அத்தோடு போனை வைத்துவிட்டோம்.

நேற்று இன்னொரு வொய்ஸ் நோட், இருபது செக்கன். வியாழக்கிழமை வேலை முடிய, கிளினிக்குக்கு எதிரே இருக்கிற பப்பில் ஆறு பேர் சந்திக்கிறார்களாம். வேப்பேரி அக்காவும் வருகிறாவாம். றிசெப்ஷனில் நிற்கிற பெட்டை, தான் வெட் இல்லையே, வரலாமோ என்று கேட்டிருக்கிறாள். என்ன சொல்ல என்று மச்சாள் என்னைக் கேட்கிறா. முதல் கதிரையை அவளுக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்.