நின்ற காரணம் தெரியாமல் மோட்டார் ஓடலாமா?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் நெல், கரும்பு, மணிலா பயிரிடும் சிறு விவசாயிகள் பலர், இரவில் பம்புசெட்டை ஆட்டோ ஸ்டார்ட்டரிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கச் செல்கின்றனர். மின்சாரம் நின்று திரும்பினால் மோட்டார் தானே ஓடும். வசதிதான், ஆனால் மோட்டார் எதனால் நின்றது என்று ஆட்டோ பார்ப்பதில்லை.

மின்தடையால் நின்ற மோட்டார் தானே ஓடலாம். ஒரு பேஸ் போயோ, கிணறு வற்றியோ, ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகியோ நின்றதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் காயில் கருகிவிடும். 2024 ஜூலை 19இல் பழுதான மென்பொருள் மாற்றம் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. பல கணினிகள் தாமாகத் தொடங்குவதும் விழுவதுமாக இருந்தன. ஆள் சென்றே சரிசெய்ய வேண்டியிருந்தது. கோளாறு நீங்காமல் மறுபடி தொடங்கிப் பயனில்லை.

எனவே ரிலேயைக் கையால் ரீசெட் செய்யும் நிலையில் வைப்பதே நல்லது. சிங்கிள் பேஸ் பிரிவென்டரும், தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் கருவியும் அவசியம். மின்சாரம் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பினால் வோல்டேஜ் இறங்கும். ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ளவர்கள் கலந்து பேசி, டைமரில் ஆளுக்கொரு நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில், பெஞ்சல் புயலால் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய நாட்களில் ஆட்டோவை நிறுத்தி, மழைக்கு முன்பே மெயினை அணைத்துவிட வேண்டும். நனைந்த ஸ்டார்ட்டரை எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது.

ஓர் இரவு பாய்ச்சல் தவறினால் மறுநாள் பாய்ச்சலாம். மோட்டார் கருகினால், காயில் கட்டி வரும்வரை பயிர் காயும்.