மறைந்தவரின் குரல் யாருக்குச் சொந்தம்?

பேச்சிப்பாறையிலிருந்து குலசேகரம் வழியாக வரும் பேருந்தில் 'திருடா திருடா', 'காதலன்' படப் பாடல்கள் இன்றும் ஒலிக்கும். அவற்றில் பாடிய ஷாகுல் ஹமீது 1997ல் சாலை விபத்தில் காலமானவர். அதே குரல் 2024ல் 'லால் சலாம்' படத்துக்காகப் புதிய பாடலைப் பாடியது. அவரது குரலையும், 2022ல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் செயற்கை நுண்ணறிவு மூலம் ஏ.ஆர்.ரஹ்மான் உருவாக்கியிருந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று உரிய ஊதியமும் கொடுத்ததாக அவர் அறிவித்தார். எஸ்.பி.பி. விஷயத்தில் அப்படி நடக்கவில்லை என்று ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு மகன் சரண் நோட்டீஸ் அனுப்பினார்.

இசை கூடுமா, கூடாதா என்பதை ஆலிம்கள் பேசட்டும். இது பாட்டே கேட்காத வீட்டையும் தொடும் விஷயம். வாப்பா விட்டுச் சென்ற வீட்டையும் நிலத்தையும் பங்கிட நமக்குச் சட்டம் இருக்கிறது. குரலும் அந்தச் சொத்தில் சேருமா? சேராது என்பதே என் கருத்து. அது அமானிதம், வாரிசுகள் காவலர்கள் மட்டுமே. "இதை நான் பாட மாட்டேன்" என்று மய்யித்தால் மறுக்க முடியாதே!

2024 ஜூலையில் அரிஜித் சிங்கின் குரலுக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு தந்தது. அவர் உயிரோடு இருப்பதால் வழக்குப் போட்டார். நாகூர் ஹனிபா 2015லேயே போய்விட்டார். மார்க்கப் பாடல்களோடு திமுக மேடைகளிலும் ஒலித்த குரல் அது. 2024 ஜனவரியில் கருணாநிதியே திரையில் பேசவைக்கப்பட்டார். அடுத்து ஹனிபாவையும் பாடவைத்தால் யாரிடம் கேட்பார்கள்? வஸிய்யத் எழுதும் பெரியவர்கள், தம் குரல் பற்றியும் ஒரு வரி எழுதிவைக்கலாம்.